கோட்டுக்குக் கீழே இருந்த தண்ணி

பட்டாளத்தார் என்றால் எங்கள் குடியேற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய சொந்தப் பெயரும் எனக்குத் தெரியும். வயல் செய்கிற கமக்காரர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவன் நான், கூட்டக் குறிப்பில் அதை எத்தனை தரம் எழுதியிருப்பேன். ஆனால் இங்கே எழுதமாட்டேன். அந்த மனிசனுக்கு நான் செய்த வேலைக்குப் பிறகு அவருடைய பெயரை எடுக்க எனக்கு வாய் வருகுதில்லை. அவர் செத்தும் கனகாலம். வவுனியாவில் ஒரு அரிசி ஆலையில் காவலுக்கு நின்றார், அங்கேயே முடிந்துபோனார் என்று ஆரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை.

அவரை முதன்முதல் கண்டது பஸ்ஸில். மார்கழி மழை. மாங்குளத்திலிருந்து துணுக்காய்ப் பக்கம் போகிற பஸ், வழியில் ஒரு பாலத்தடியில் நின்றுவிட்டது. றோட்டுக்கு மேலால் வெள்ளம் ஓடுகிறது. சாரதி பீடி பற்றவைத்துவிட்டான். உள்ளே முப்பது பேர் இருந்தோம், முப்பது பேருக்கும் ஒவ்வொரு யோசனை. திரும்பிப் போவோம் என்றான் ஒருவன். வெள்ளம் வடியட்டும் என்றான் இன்னொருவன். ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அப்போதுதான் பின்சீட்டிலிருந்து காக்கிக் காற்சட்டை போட்ட ஒருவர் எழும்பி இறங்கினார். ஒரு தடியோடு வெள்ளத்துக்குள் நடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"பொம்பிளையளும் பிள்ளையளும் உள்ளுக்க இருங்கோ. ஆம்பிளையள் எல்லாரும் இறங்குங்கோ. றோட்டு விளிம்பில ரெண்டு பக்கமும் நிரையா நில்லுங்கோ. ஒருத்தரும் அசையக்கூடாது."

இறங்கினோம். ஏன் இறங்கினோம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவர் ஆர், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. இடுப்பளவு தண்ணியில் வேலிக்கதியால் தடி மாதிரி இரண்டு நிரையாக நின்றோம். அவர் சாரதியிடம், "தம்பி, நீ கொஞ்சம் தள்ளி இரு" என்றார். அவனும் தள்ளி இருந்தான். எங்கள் நடுவால் பஸ்ஸை ஓட்டி அக்கரையில் ஏற்றிவிட்டார். நாங்கள் கைதட்டி ஆரவாரம் செய்தோம்.

இந்தக் கதையை ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதன் மிச்சத்தை மட்டும் சிரிப்புக்காகச் சொல்லுவேன். வெள்ளத்தைக் கடந்த பிறகு அவர் சாரதிக்கு இடத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசித் தரிப்பு மட்டும் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். சாரதி தன் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் விருந்தாளி மாதிரி இருந்தான். கேட்கவேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, கொடுக்கவேண்டும் என்று இவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் குடியேற்றத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். அரசாங்கத்தார் காடு வெட்டி, குளத்தைத் திருத்தி, யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத எங்களைக் கொண்டுவந்து ஆளுக்கு மூன்று ஏக்கர் வயலும் ஒரு துண்டு மேட்டுக்காணியும் தந்து இருத்தினார்கள். ஒரே ஊரார் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஒருவன் ஒன்று சொன்னால் மற்றவன் உடனே, "உதைச் சொல்ல நீ ஆர்?" என்று கேட்பான். நுளம்புக் கடியைவிட, யானையைவிட இந்தக் கேள்விதான் எங்களைக் கொன்றது. பட்டாளத்தாரிடம் மட்டும் ஒருவனும் அதைக் கேட்கவில்லை. பெரிய யுத்தத்தில் வெள்ளைக்காரனுக்கு லொறி ஓட்டியவர் அவர். பர்மா வரைக்கும் போனவர். மனிசி யாழ்ப்பாணத்தில், இந்தக் காட்டுக்குள் வரமாட்டேன் என்று நின்றுவிட்டா. தனி ஆள், ஒரு சைக்கிள், ஒரு றேடியோ, சுவரில் ஒரு படம். அவ்வளவுதான் அவருடைய வீடு.

எதையாவது கையில் எடுத்தால் விடமாட்டார். அதுதான் அந்த மனிசன். மற்றதெல்லாம் பிறகு.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம். புருஷன் பாம்பு தீண்டிச் செத்துப்போனான். சின்ன வயது. அந்தப் பெண்பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் சுவரோடு இருக்கிறா. வந்த ஆட்கள் எல்லாம் முற்றத்தில் நின்று, பறை சொல்லுவதா, கட்டை எங்கே தறிப்பது என்று வாயடிபட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்தார் சைக்கிளை வேலியில் சாத்தினார். பத்து நிமிடத்தில் கட்டைக்கு நான்கு பேர், பந்தலுக்கு மூன்று பேர், தேத்தண்ணிக்கு இரண்டு பேர் என்று பிரித்து அனுப்பிவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்று மணிக்கு எடுக்கிறது என்று அறிவித்தார். செத்தவனின் தமையன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறான், கொஞ்சம் பொறுங்கோ என்று அந்தப் பெண்பிள்ளை ஆள் விட்டுச் சொன்னா. பட்டாளத்தார் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மூண்டு எண்டு சொல்லியாச்சு. சொன்னா சொன்னதுதான். தூக்குங்கோ."

தூக்கினோம். தமையன் மூன்றேகால் பஸ்ஸில் வந்து இறங்கி, சந்தியிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது நெருப்பு வைத்தாயிற்று. அந்த மனிசன் சுடலை மண்ணில் இருந்துகொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பட்டாளத்தார் திருப்பவில்லை. அவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அன்றைக்குப் பயத்தைத் தந்தது.

ஆபிரிக்காக் கதை தொடங்கியது ஒரு தைமாதம். மேற்கு ஆபிரிக்காவில் ஒரு நாட்டில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது, பழைய மந்திரிமாரெல்லாம் மறியலில் அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று றேடியோவில் செய்தி. இரண்டு மூன்று நாள் கழித்துப் பேப்பரில் அந்தத் தலைவரின் படம் வந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர்தான் எங்களுக்கெல்லாம் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவர். அந்த ஆபிரிக்கர் விடியற்காலையில் றேடியோ நிலையத்தைப் பிடித்தாராம். லஞ்சம் வாங்கினவனுக்கு மரணம், சாமான் பதுக்கினவனுக்கு மரணம் என்று தன் வாயாலேயே வாசித்தாராம். சனம் றோட்டில் இறங்கி ஆடினதாம். பட்டாளத்தார் பேப்பரை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது தொப்பியும் மையும்தான்.

"இவன் என்ர ஆள்" என்றார்.

கடையில் இருந்த எல்லாரும் வாயைப் பிளந்தோம். என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். ஒரு லொறி. அதன் முன்னால் மெல்லிசாகப் பட்டாளத்தார். பக்கத்தில் அவரைவிட ஒரு முழம் உயரமான ஆபிரிக்கச் சிப்பாய், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, ஒரு கையை இவருடைய தோளில் போட்டபடி.

"ஒரு லொறியில ஓடினனாங்கள், தம்பி. ஒரு கோப்பையில திண்டனாங்கள். அப்பவே எனக்குத் தெரியும், இவன் சும்மா சாகிற ஆளில்லை."

அதோடு அந்த ஆபிரிக்கர் எங்கள் ஊர் ஆளாகிவிட்டார். "பட்டாளத்தாற்ர ஆள் இண்டைக்கு என்ன செய்தவராம்?" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்கு வருவார்கள். மந்திரிமாரின் கார்களை ஏலத்தில் விட்டார் என்றால் இங்கே சிரிப்பு. காரியாலயங்களில் காலை எட்டு மணிக்கு வாசலைப் பூட்டி, பிந்தி வந்தவர்களை வெயிலில் நிற்கவைத்தார் என்றால் இங்கே கைதட்டு. எங்களுக்குத் தண்ணி இல்லை, றோட்டு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. எங்கேயோ கண்காணாத தேசத்தில் ஒருவன் எல்லாவற்றையும் நேர் செய்கிறான் என்று கேட்க ஒரு சுகம் இருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சித்திரையில் சிறுபோக விதைப்புக்குக் குளத்தில் அரைவாசித் தண்ணிகூட இல்லை. இப்படியான வருஷத்தில் செய்ய ஒரு முறை இருக்கிறது. குளத்துக்குக் கிட்டவுள்ள தலைவாய்க்கால் வயல்களில் மட்டும் விதைப்பது, அந்த நிலத்தை அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லாக் குடும்பத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. வயல் ஒருவனுடையதாக இருந்தாலும் விளைச்சலில் எல்லாருக்கும் வாய் நனையும். பழைய ஊர்களில் இது சண்டையில்லாமல் நடக்கும். எங்களிடம் நடக்குமா? தலைவாய்க்கால்காரர், "எங்கட காணியில நீ கால்வைக்க ஆர்?" என்றார்கள். தண்ணி பங்கிடுகிற வட்டவிதானையார் நல்ல மனிசன்தான், ஆனால் தலைவாய்க்கால் பக்கம் அவருக்குப் பெண் எடுத்த உறவு. கூட்டம் மூன்று தரம் கூடி மூன்று தரமும் கதிரை தூக்கி அடிபடுவதில் முடிந்தது.

என் வயல் கடைசி வாய்க்காலில். வீட்டில் ஆறு மாதப் பிள்ளை. மனிசிக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. ஒரு பசு நின்றது, அந்தப் பாலில்தான் பிள்ளை உயிரோடு இருந்தது. இந்தப் போகமும் இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். அங்கே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லாததால்தானே இங்கே வந்தோம்.

மூன்றாவது கூட்டம் குழம்பிய பின்னேரம் பட்டாளத்தாரின் வீட்டுக்குப் போனேன். அவர் றேடியோவின் பற்றரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"அண்ணை, உங்கட ஆள் இஞ்ச இருந்தால் இவ்வளவு நேரம் கூட்டம் வைச்சுக்கொண்டு இருப்பாரே?"

அவர் பற்றரியை உள்ளே போட்டு மூடினார். நான் எழும்பி வந்துவிட்டேன். என் வாயால் வந்தது அந்த ஒரு வசனம்தான். ஆனால் தெரிந்துதான் சொன்னேன்.

அடுத்தநாள் காலை, கடைசி வாய்க்கால்காரர் ஆறு பேரோடு அவர் வட்டவிதானையாரின் வாசலில் நின்றார். குளத்து மதகைத் துருசு என்று சொல்லுவோம். அதைத் திறக்கிற இரும்புத் திறப்பு ஒரு முழம் நீளம். "தாருங்கோ" என்றார். அடி இல்லை, ஏச்சு இல்லை. வட்டவிதானையார் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். பஸ் சாரதி தள்ளி இருந்த மாதிரி.

அதன் பிறகு நடந்ததை நான் ஒளிக்கமாட்டேன். முதல் ஒரு மாதம் மாதிரி ஒரு நல்ல காலம் எங்களுக்கு வந்ததும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. தலைவாய்க்கால் நிலத்தைக் கயிறு பிடித்து அளந்து, சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டார். தன் பங்குக்கு ஒருவருக்கும் வேண்டாத மேட்டு மூலையை எடுத்தார். புருஷன் செத்த அந்தப் பெண்பிள்ளைக்கும் முழுப் பங்கு. அதுவரை அவவை ஒருவரும் கணக்கிலேயே எடுத்ததில்லை. மருதமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டி, மணிக்கூட்டைப் பார்த்து அடிப்பார். ஒரு அடிக்கு ஒருவன் வாய்க்காலைப் பூட்ட, அடுத்தவன் திறக்கவேண்டும். வரம்பில் மண்வெட்டிச் சண்டை நின்றது. தலைவாய்க்கால்காரரே, "பரவாயில்லை, மனிசன் நீதியாத்தான் நடக்குது" என்றார்கள்.

கடைச் சுவரில் அறிவித்தல் ஒட்டுவார். அவர் சொல்ல எழுதினது நான். என் கையெழுத்து வடிவு என்று அவருக்குப் பெருமை. அறிவித்தல் இலக்கம் ஒன்று, தண்ணி முறை. இலக்கம் இரண்டு, மாடு கட்டுகிற இடம். இலக்கம் மூன்று முக்கியம். துருசுக்குள் ஒரு கல் இருக்கிறது, அதில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது மாட்டுத்தண்ணி. மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் மழை வரும்வரை அதுதான். கோட்டைத் தண்ணி தொட்ட அன்றைக்குத் துருசு பூட்டப்படும், பிறகு எவர் கேட்டாலும் திறக்கப்படமாட்டாது. எல்லாரும் தலையாட்டினோம். சித்திரையில் தலையாட்ட என்ன கஷ்டம்?

போகப் போக அறிவித்தல் கூடிக்கொண்டே போனது. ஆறுமணிக்குப் பிறகு வாய்க்கால் கரையில் நிற்கக்கூடாது. இரண்டு பேருக்கு மேல் கூடிக் கதைக்கக்கூடாது. பத்தாவதை எழுதும்போது, "அண்ணை, உது ஏன்?" என்று கேட்டேன். "எழுது" என்றார். எழுதினேன்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல். எங்கள் பக்கத்துச் சனமெல்லாம் போகும். அந்தப் பெண்பிள்ளையும் நேர்த்திக்கடனென்று தலையில் பானையோடு முள்ளியவளைவரை பஸ்ஸிலும் மிச்சம் நடையுமாகப் போனா. அவவின் தண்ணி முறை பொங்கல் நடந்த திங்கட்கிழமையே வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் வயல் வெடித்துக் கிடக்கிறது. அடுத்த முறைக்குப் பன்னிரண்டு நாள். என்னையும் கூட்டிக்கொண்டு பட்டாளத்தாரிடம் போனா.

"கோயிலுக்குப் போனனான், அண்ணை. ஒரு மணித்தியாலம் விட்டால் காணும்."

"முறை முறைதான், பிள்ளை. உனக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் வருவினம்."

"பயிர் செத்துப்போம்."

"தெரியும்."

அவ வாசல்வரை போனா. பிறகு, "அண்டைக்கு அவற்ர தமையனுக்குக் கால்மணித்தியாலம் பொறுக்கச் சொல்லிக் கேட்டனான், நீங்கள் பொறுக்கேல்லை" என்றா, சத்தம் போடாமல். திரும்பிப் போய்விட்டா. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும், நான் கொண்டுபோன சோறு காலையிலும் அப்படியே இருந்தது. ஆனாலும் தண்ணி விடவில்லை. அவவின் பங்கு கருகிப்போனது.

அங்கேயும் நிலைமை மாறிக்கொண்டு வந்தது. பேப்பரில் படம் சிறுத்துக்கொண்டே போனது. ஆட்சி பிடிக்கக் கூட நின்ற தோழர்களில் இரண்டு பேரை அந்த ஆபிரிக்கரே மறியலில் போட்டாராம். சந்தையில் சாமான் இல்லையாம். பின்னேரம் ஆறுமணிக்குப் பிறகு ஊரடங்காம். கடைக்காரர் இதை வாசித்துவிட்டு, தன் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை ஒருதரம் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆடி நடுவில் தண்ணி கோட்டைத் தொட்டது. பயிர் பால்பிடிக்கிற பருவம். இன்னும் ஒரேயொரு நனைப்பு, அது இருந்தால் வீட்டுக்கு நெல்லு, இல்லாவிட்டால் வைக்கோல். ஊர் முழுக்க அவருடைய வாசலில் நின்றது. அவர் திறப்பைச் சைக்கிள் பாரில் கட்டிவைத்திருந்தார்.

"அண்ணை, ஒரு நனைப்பு. மழை எப்பிடியும் வரும்."

"ஆர் சொன்னது வரும் எண்டு? ஐப்பசி வரைக்கும் மாடு என்ன குடிக்கும்? உன்ர பிள்ளை என்ன குடிக்கும்?"

"பயிர் போனால் நாங்கள் என்னத்தைத் தின்னுறது?"

"என்ர பயிரும்தான் போகுது" என்றார். மெய்தான். அவருடைய மேட்டு மூலைதான் முதலில் மஞ்சளானது.

இன்றைக்கு யோசித்தால், எங்கள் எல்லாரையும்விட அவர் ஒருவர்தான் சரி. ஆனால் இத்தனை அறிவித்தலில் பிழையாக நின்ற ஒருவர், மூன்றாவதில் மட்டும் சரியாக நின்றால் ஆருக்குத் தெரியும்? அந்தப் பெண்பிள்ளைக்கு விடாத ஒரு மணித்தியாலமும் இந்தத் தண்ணியும் எங்களுக்கு ஒன்றாகவே தெரிந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம் பேப்பர் வந்தது. ஆபிரிக்கத் தலைவரை அவருடைய சொந்தப் பட்டாளமே சுட்டுக் கொன்றுவிட்டது. கடைக்காரர் முழுவதையும் வாசித்தார். வயது முப்பதும் நிரம்பவில்லையாம். யுத்தம் முடிந்து இருபது வருஷம். பர்மாவில் பட்டாளத்தார் லொறி ஓட்டிய காலத்தில் அந்த மனிசனுக்கு எட்டு ஒன்பது வயதுதான் இருந்திருக்கும். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். மற்றவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள்.

"அவற்ர ஆக்களே முடிச்சுப்போட்டாங்கள்" என்றான் ஒருவன்.

 பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூப்பிட்டால் அவர் வருவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தநாள் காலை போய்க் கூப்பிட்டேன். "அண்ணை, தலைவாய்க்கால் கட்டு உடைஞ்சுபோச்சு, கெதியா வாங்கோ." உடைந்தது என்று கேட்டால் அந்த மனிசன் சேட்டுப் போடவும் நிற்கமாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார். மருதமரத்தடியில், திறப்பு வாங்கிய அன்றைக்கு அவரோடு வட்டவிதானையார் வீட்டுக்குப் போன அதே ஆறு பேர் நின்றார்கள். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. திறப்பை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். திருப்பி அடிக்கவில்லை, ஓடவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். மண்வெட்டிப் பிடியால் அவருடைய முழங்கையில் அடித்தது ஆர் என்று எனக்குத் தெரியும், அவன் பிள்ளைகள் இருக்கிறார்கள், சொல்லமாட்டேன். எலும்பு முறிந்த பிறகும் விரல்கள் விடவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது நான்.

பிரிக்கும்போது அவர் என் முகத்தைத்தான் பார்த்தார். "தம்பி, மாட்டுத்தண்ணி" என்றார்.

துருசைத் திறந்தோம். முறை சொல்ல ஆள் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்க்காலை வெட்டினார்கள். இரண்டு நாளில் குளம் முடிந்தது. பாதி வயல் பிழைத்தது, மற்றப் பாதிக்குத் தண்ணி போய்ச் சேரவேயில்லை.

முறிவு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். மத்தியானத்தில் நான் சோறு கொண்டுபோவேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இடது கையால் அள்ளிச் சாப்பிடுவார். ஒருநாள் தானாகவே, "பேப்பரில வயசு போட்டிருந்தது, பாத்தனியே?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ர ஆள் பர்மாவிலேயே செத்துப்போனான். லொறி பிரண்டு ஆத்தங்கரைச் சேத்துக்குள்ள கால் நசிஞ்சு கிடந்தான். லொறியைத் தூக்கிறதோ, காலை வெட்டிறதோ எண்டு கேட்டுத் துரைக்கு ஆளனுப்பினம். துரை வரேல்லை. நாங்கள் பதினொரு பேர் சுத்தி நிண்டம். தூக்கு எண்டு ஒருத்தன் சொல்லியிருந்தால் தூக்கியிருப்பம். ஒருத்தனும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. பின்னேரம் மட்டும் உயிரோட கிடந்து எங்களைப் பாத்துக்கொண்டிருந்தான்."

"பேந்து ஏன் அண்ணை, இவர்தான் அவர் எண்டு சொன்னீங்கள்?"

அவர் படத்தைப் பார்த்தார். "இருந்திருந்தால் இப்பிடித்தான் வந்திருப்பான்" என்றார். மிச்சச் சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டுக் கை கழுவினார்.

ஆவணி போய்ப் புரட்டாதி வந்தது. மழை இல்லை. கிணறுகளில் வாளி நிலத்தில் முட்டியது. குளத்துக்கு நடுவில் ஒரு பாய் அகலத்துக்குச் சேற்றுத்தண்ணி மட்டும் கிடந்தது. மாடுகள் அதை மோந்து உள்ளே இறங்கும். இறங்கினது ஏறாது. அந்த மாதத்தில் ஒன்பது மாடு போனது.

ஒரு காலை என்னுடைய பசு கட்டறுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. நான் ஓடிப்போனபோது வயிறுவரை புதைந்து நின்றது. என் மனிசி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குளக்கட்டில் நிற்கிறா. ஊர் கூடிவிட்டது. கயிறு வந்தது, பலகை வந்தது, பதினைந்து ஆம்பிளைகள் வந்தார்கள். கொம்பில் கட்டி இழுப்போம் என்றான் ஒருவன். கழுத்து முறியும் என்றான் மற்றவன். வயிற்றுக்குக் கீழே கயிறு விடவேண்டும் என்றார் கடைக்காரர். இறங்குகிறவனும் புதைவான் என்றார் வட்டவிதானையார். திறப்பு இப்போது அவரிடம்தான் இருந்தது. வெயில் ஏறியது. பசு இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

அப்போது பட்டாளத்தார் வந்தார். கை தூக்குத்துணியில் தொங்குகிறது.  எல்லாரும் வழிவிட்டார்கள். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்று இருந்தது.

அவர் குளத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும், அது முகத்திலேயே இருந்தது. பிறகு நடந்துபோய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நிரையின் கடைசியில், கடைசி ஆளுக்கும் பின்னால் நின்று, இடது கையால் கயிற்றைப் பிடித்தார்.

"அண்ணை, சொல்லுங்கோ" என்றேன்.

"நான் சொல்லுறதை விட்டுட்டன், தம்பி. உன்ர பசு. நீ சொல்லு, நான் இழுக்கிறன்."

கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. உண்மையாகவே காத்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். கொம்பா, வயிறா? முறிந்தால்? நான் சொல்லி முறிந்தால்? என் பிள்ளை குளக்கட்டில் தாயின் இடுப்பில் இருந்து அழுகிறது. பக்கத்தில் நின்றவனைப் பார்த்தேன். அவன் அடுத்தவனைப் பார்த்தான். அப்படியே நிரையின் கடைசிவரைக்கும் போய் எல்லாருடைய கண்ணும் அவரிடத்தில் நின்றது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பசு மத்தியானம் மட்டும் உயிரோடு இருந்தது. அது எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.